உங்கள் முழங்கால் வலியை எங்களிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்



ஒன்ராறியோவில் ஸ்காபரோ பக்கம் முழங்கால் வலிக்கு கிளினிக் போனவர்கள் எங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒத்தடப் பையைத் துவாயில் சுற்றிக் காலில் வைத்துவிட்டு, நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும் உதவியாளர்கள் நாங்கள்தான். “தம்பி, கால் மடங்க இன்னும் எத்தனை நாள் எடுக்கும்?” என்று அம்மாமார் கேட்பார்கள். சென்னையிலும் கொழும்பிலும் பிசியோதெரபிஸ்ட்களாக இருந்தபோது தினமும் பதில் சொன்ன கேள்வி அது. இங்கே, “பிசியோ வந்து சொல்லுவார், அம்மா” என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பதிவு பெறாதவர் தன்னை பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள இந்த மாகாணத்தின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது.

சட்டத்தைக் குறை சொல்லவோ, தேர்வில் சலுகை கேட்கவோ நாங்கள் வரவில்லை. உங்கள் முதுகில் கைவைப்பவர் யார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சான்றிதழ் மதிப்பீடு, தேர்வு எல்லாவற்றையும் தாண்டியே வருவோம். 2021 செப்டம்பரில் இணையவழி நடந்த தேசியச் செய்முறைத் தேர்வு தொழில்நுட்பக் கோளாறில் குலைந்து, பிறகு கைவிடப்பட்டது. ஒன்ராறியோ தனக்கென ஒரு தேர்வைக் கொண்டுவரும்வரை காத்திருந்தவர்களும் எங்களில் உண்டு.

ஊரிலிருந்து புறப்பட இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானம் ஏறுமுன்பே சான்றிதழ் மதிப்பீட்டைத் தொடங்கிவிடுங்கள். ஆவணங்களை உங்கள் கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும். “6 மாதப் பயிற்சி முடித்தார்” என்ற ஒற்றை வரியோடு வராதீர்கள். எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள். கனடாவிலிருந்துகொண்டு ஊர்க் கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தவருக்குத்தான் அந்த அலைச்சல் தெரியும்.

தேர்வில் எங்களைச் சறுக்கவைப்பது தசையோ நரம்போ அல்ல. ஊரில், “படுங்க, காலைத் தூக்குங்க” என்றால் நோயாளி தூக்குவார். இங்கே எங்கே தொடப்போகிறோம், எதற்காக, அதில் என்ன அபாயம், வேண்டாமென்றால் வேறென்ன வழி என்று விளக்கி, அவர் சரி என்ற பிறகே கைவைக்கலாம். நல்ல முறைதான், ஊரிலும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதை ஆங்கிலத்தில் செய்வது புத்தகத்தில் வராது, பேசிப் பேசித்தான் வரும்.

அதனால் கேட்கிறோம். பதிவு பெற்ற தமிழ் பிசியோக்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் எங்கள் பிழைகளைத் திருத்தித் தாருங்கள். கிளினிக் நடத்துபவர்களே, கடை பூட்டிய பிறகு ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். மற்றவர்கள் ஒரு மாலை நோயாளியாக நடிக்க வாருங்கள். கைவைக்க மாட்டோம், கேள்வி மட்டுமே கேட்போம். இல்லாத வலியையும் சொல்லலாம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்; எங்கள் ஆங்கிலத்தைத் திருத்த அவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும்.

இங்ஙனம்,
பதிவுக்குக் காத்திருக்கும் பிசியோதெரபி உதவியாளர்கள்