777 என்பது தீர்வன்று, சரணாகதி

லினக்ஸ் கணினியில் பென் டிரைவையோ வெளி வன்தட்டையோ செருகி, "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தியைக் கண்டவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: ரூட் உரிமையுடன் சிஎச்மாட் 777 கொடுங்கள். நோய் இன்னதென அறியாமல் தரப்படும் மருந்து இது.

கோப்பு யாருடையது என்ற குறிப்பை எல்லா வட்டுகளும் சுமப்பதில்லை. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகியவற்றில் யுனிக்ஸ் முறை உரிமையாளருக்கு இடமே கிடையாது. திரையில் தெரியும் உரிமைகள், வட்டை இணைக்கும் கணத்தில் யுஐடி, ஜிஐடி, எஃப்மாஸ்க், டிமாஸ்க் என்ற அளவுகளைக் கொண்டு கர்னல் எல்லாக் கோப்புகளுக்கும் ஒருசேரப் போர்த்துபவை. அவற்றின்மீது 777 ஏவுவது நீர்மேல் எழுத்து.

எக்ஸ்ட்4 வட்டின் கதை வேறு. அது உரிமையாளரைப் பதிந்து வைக்கிறது. ஆனால் பெயராக அன்று, எண்ணாக. உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றிலும் முதல் பயனரின் எண் 1000. ஒரு கணினியில் 1000 ஆக இருக்கும் ஆய்வாளர் மற்றொன்றில் 1001 ஆனால், தம் கோப்புக்குத் தாமே அயலார். அங்கே 1000 ஆக இருக்கும் அந்நியரே உரிமையாளர். இவ்வட்டில் 777 பலிக்கும். ஆபத்தும் அதுதான்: அது வட்டிலேயே பதிந்து, செல்லும் கணினிதோறும் தொடரும்.

பல்கலைக்கழகத் துறைகளில் ஒரே கணினியைப் பலர் பகிர்வது இயல்பு. அங்கே செருகப்படும் வட்டுகளில், பெயரை வெளியிடமாட்டோம் என்ற வாக்கை நம்பிப் பேசியவர்களின் நேர்காணல்களும் இருக்கின்றன. தானாக இணைக்கும் யுடிஸ்க்ஸ், வட்டைப் பயனரின் பெயரிலான கோப்புறைக்குள் வைத்து, பிறர் நுழையாமல் காக்கிறது. அதைத் தொல்லையென்று எண்ணி, எஃப்எஸ்டேப் கோப்பில் யுமாஸ்க் 000 என்றெழுதிப் பொதுக் கோப்புறையில் இணைப்பவர், அந்நேர்காணல்களைப் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் அக்கணினியின் எல்லாப் பயனருக்கும் வழிவிடுகிறார்.

சரியான வழி கடினமானதன்று. ஃபேட்32 வட்டுக்கு யுஐடி, ஜிஐடி இரண்டையும் குறித்து, டிமாஸ்க் 0027, எஃப்மாஸ்க் 0137 எனக் கொடுத்தால் உரிமையாளர் எழுதலாம், குழுவினர் வாசிக்கலாம், மற்றோருக்கு ஒன்றுமில்லை. யுடிஸ்க்ஸ் 2.9.0 முதல், தானாக இணையும் வட்டுகளுக்கும் இவற்றை அமைப்புக் கோப்பில் எழுதிவைக்க இயலும். எக்ஸ்ட்4 வட்டுக்கு, எல்லாக் கணினிகளிலும் ஒரே எண்ணுடைய குழுவும் 2770 உரிமை கொண்ட கோப்புறையும் போதிய தொடக்கம்.

"வட்டைத் திருடியவன் தன் கணினியில் ரூட்டாக வாசித்துவிடுவானே, பிறகு எதற்கு இவ்வளவு?" என்பார்கள். உண்மைதான்; திருட்டைத் தடுக்க லக்ஸ் போன்ற மறையாக்கம் வேண்டும். ஆனால் மறையாக்கிய வட்டும் பொதுக் கணினியில் திறக்கப்பட்டபின், சக பயனரிடமிருந்து அதைக் காப்பவை இந்த அனுமதிகளே. வாசலுக்குப் பூட்டு வேண்டும் என்பதற்காக எவரும் அறைக் கதவுகளைக் கழற்றி எறிவதில்லை.

அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி, யாருக்கு எவ்வளவு என்று கேட்கும் வினா. எல்லோருக்கும் எல்லாம் என்பது அதற்கு விடையாகாது.