சூத்திரத்தில் காணாத எழுத்து

"புரட்டாப் பெருக்கியின் பெருக்கம் எவ்வளவு?" என்று கேட்டால், மின்னணுவியல் பாடம் படித்த மாணவர் எவரும் தயங்காமல் விடை சொல்வார். பின்னூட்ட மின்தடையைப் புவியிணைப்பு மின்தடையால் வகுத்து, ஈவுடன் ஒன்றைக் கூட்டவேண்டும். விடை சரிதான், மதிப்பெண்ணும் கிடைக்கும். "இந்தச் சூத்திரத்தில் பெருக்கியைக் குறிக்கும் எழுத்து ஒன்றுகூட இல்லையே, ஏன்?" என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். பாடத்தின் உயிர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆப்-ஆம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் செயல்பாட்டுப் பெருக்கிக்கு இரண்டு உள்ளீடுகள் உண்டு. ஒன்று கூட்டல் குறியுடையது. மற்றது கழித்தல் குறியுடையது. இரண்டுக்கும் இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாட்டை மட்டுமே அது பெருக்குகிறது. 1968-இல் வெளிவந்து இன்றும் விற்பனையிலுள்ள 741-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பெருக்கம் வழக்கமாக 2,00,000. ஆனால் 741சி வகைக்குத் தயாரிப்பாளர் தரும் உறுதி 20,000 மட்டுமே! பத்து மடங்கு மாறக்கூடிய ஒன்றை நம்பி அளவுக்கருவி செய்ய முடியுமா?

முடியும். வெளியீட்டிலிருந்து கழித்தல் உள்ளீட்டுக்கு 9 கிலோ ஓம் மின்தடையையும், அங்கிருந்து புவிக்கு 1 கிலோ ஓம் மின்தடையையும் இணையுங்கள். இப்போது வெளியீட்டில் பத்தில் ஒரு பங்கு கழித்தல் உள்ளீட்டுக்குத் திரும்பி வரும். கூட்டல் உள்ளீட்டில் 0.5 வோல்ட் கொடுப்போம். வெளியீடு 4 வோல்ட்டாக இருந்தால் திரும்பி வருவது 0.4 வோல்ட். வேறுபாடு 0.1 வோல்ட், அது பெருக்கப்பட, வெளியீடு மேலே ஏறும். 5 வோல்ட்டைத் தாண்டினாலோ வேறுபாட்டின் குறி மாறி, வெளியீடு கீழே இறங்கும். இரண்டு உள்ளீடுகளும் ஏறக்குறைய சமமாகும் 5 வோல்ட்டில்தான் அது நிலைகொள்ளும். உள்ளீட்டின் குறி வெளியீட்டில் மாறாததால் 'புரட்டா' என்ற பெயர்.

கணக்கிட்டுப் பாருங்கள். சில்லின் பெருக்கம் 2,00,000 என்றால் சுற்றின் பெருக்கம் 9.9995. அது 20,000 ஆகச் சரிந்தாலும் 9.995. ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறவில்லை! அதனால்தான் அந்த எழுத்து சூத்திரத்திலிருந்து விடுபட்டது. இரண்டு லட்சத்தைத் துறந்து, நம்பத்தக்க பத்தைப் பெற்றிருக்கிறோம்.

இந்தப் பேரம் ஒரு காலத்தில் பலருக்கு வினோதமாகத் தோன்றியது. தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளில் பயன்பட்ட வால்வுப் பெருக்கிகளின் பெருக்கம் நிலையாக இருப்பதில்லை, ஒலியும் சிதைந்தது. 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து பணிக்குச் சென்ற ஹெரால்டு பிளாக் என்ற பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர், எதிர்ப் பின்னூட்டம் என்னும் தீர்வைக் கையிலிருந்த செய்தித்தாளிலேயே எழுதினார். 1928-இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது. கடினப்பட்டுப் பெற்ற பெருக்கத்தை வேண்டுமென்றே வீணாக்குவதா என்று வல்லுநர்களே ஐயுற்றனர்.

அவர்களுக்கே வியப்பளித்ததை நாம் ஒரு வரிச் சூத்திரமாக்கி மனப்பாடம் செய்வது முறையா? "தேர்வுக்கு நேரமில்லை" என்பார்கள். ஒரு மணி நேரம் போதும்.

இரண்டு 741 சில்லுகள், 1 கிலோ ஓம் மின்தடைகள் பத்து, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள், ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றைச் சேகரியுங்கள். பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் நடுப்புள்ளியே புவி. ஒன்பது மின்தடைகளைத் தொடராக்கினால் 9 கிலோ ஓம். உள்ளீட்டை 0.2 வோல்ட்டிலிருந்து 0.5 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். வெளியீடு சுமார் 3 வோல்ட் உயரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சில்லை மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள். உயர்வு ஏறத்தாழ அதுவேதான். பிறகு ஒன்பது மின்தடைகளை நான்காகக் குறையுங்கள். பெருக்கம் 5 ஆகிவிடும்.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. 741-இல் பெருக்கம் 10 என்றால், அது சுமார் 1,00,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரைதான். அதற்கு மேல், திருப்பிக் கொடுக்கப் போதிய பெருக்கம் சில்லிடமே இராது. காரணம் அறிந்தவர் இதை எதிர்பார்ப்பார். சூத்திரம் மட்டும் அறிந்தவர் சில்லைக் குறை சொல்வார்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: செய்முறை வகுப்பில் மாணவர் கையில் இரண்டாவது சில்லையும் கொடுங்கள். மாணவர்களே, அடுத்த முறை ஒரு சூத்திரத்தைப் படிக்கும்போது, அதில் உள்ளவற்றோடு இல்லாததையும் தேடுங்கள்.