கைக்கேற்ற கோல்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரிக்கும் வழக்கமும் இன்றி, "அண்ணை, உங்கடை மருமோனுக்கு ஒருக்காப் புத்தி சொல்லுங்கோ. ஒரு தடி வாங்க ஆயிரத்தைஞ்ஞூறு டொலர் குடுக்கப் போறானாம்" என்று முறையிட்டாள்.

தடி என்று அவள் வெறுப்புடன் சுட்டியது, பூல் எனப்படும் மேசைப் பந்தாட்டத்திலே பந்தை உந்தும் கோலை. ஆட்டக்காரர் அதனைக் கியூ என்பர். மருமகன் பல்கலைக்கழக மாணவன். படிப்பிலே குறை வைத்தவனல்லன். வார இறுதிகளில் பண்டகசாலையொன்றில் இரவு வேலை செய்து சேர்த்த பணத்தையே செலவிட எண்ணியிருந்தான். அவனிடம் ஏற்கெனவே ஒரு கோல் இருந்தது. அது தொழிற்சாலையிலே ஒரே அளவாகப் பெருந்தொகையிற் செய்து கடைகளில் விற்கப்படும் வகை. அதை விடுத்துத் தன் கைக்கென்றே ஒரு கைவினைஞரைக் கொண்டு புதிய கோல் செய்விக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

நானோ அத்தகைய கோலைக் கையாலும் தொட்டறியாதவன். அறியாத பொருளிலே தீர்ப்புக் கூறுவது ஆசிரியனுக்கு அழகன்று ஆதலின், முதலிற் சிறிது கற்கலானேன்.

பார்வைக்கு அது வெறும் மரக்கோல்தான். நீளம் ஏறக்குறைய 58 அங்குலம். நிறை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ். நடுவிலே திருகிப் பூட்டும் ஒரு மூட்டு. மேற்பாதி வைரம் பாய்ந்த மேப்பிள் மரம். அதன் நுனியிலே 13 மில்லிமீற்றர் அளவிலே ஒரு தோல்முனை. அடிப்பாதியிலே கருங்காலி முதலிய மரங்களை இழைத்து அழகு செய்வதுண்டு.

தொழிற்சாலையிலே இயந்திரம் கோல்களை ஒரே வடிவிற் கடைந்து தள்ளுகின்றது. விலைக்குத் தக்க நல்ல பொருளே, இகழ்வதற்கில்லை. கைவினைஞரோ மரத்தைச் சிறிது கடைந்தபின் பல வாரங்கள் தொங்கவிடுவார். மரம் தன்னுள் அடங்கியிருந்த இறுக்கத்தைத் தளர்த்தி, வளைய வேண்டுமாயின் அப்போதே வளைந்துவிடும். வளைந்ததை ஒதுக்கி, நேராய் நின்றதை மீண்டும் சிறிது கடைவார். இவ்வாறு பலமுறை செய்வதனாலேயே சில கோல்களுக்கு ஓராண்டும் காத்திருக்க நேர்கின்றது. கோலின் நிறை எவ்வளவு, அந்நிறை எவ்விடத்திலே சமனாக வேண்டும், விரல்களிடையே வழுக்கிச் செல்லும் பகுதி எப்படி ஒடுங்க வேண்டும் என்பன யாவும் ஆடுபவன் சொற்படியே அமையும்.

இக்கலையிலே அமெரிக்கர் பெரிதும் போற்றும் பெயர் ஜோர்ஜ் பலபுஷ்கா என்பது. 1912 இல் ருசியாவிற் பிறந்து, 1924 இல் அமெரிக்கா சென்று, மரவேலை பழகியவர். 1959 இலே நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிற் கோல் செய்யத் தொடங்கி, 1975 இல் மறையும்வரை அத்தொழிலைச் செய்தார். 1986 இல் வெளிவந்த 'த கலர் ஒஃப் மணி' என்னும் திரைப்படம் அவர் பெயரை உலகறியச் செய்தது. எனினும் அப்படத்திற் கண்டது அவர் செய்த கோலன்று. அதுபோலத் தோன்றுமாறு வேறொருவர் செய்தது! என்னைச் சிந்திக்க வைத்தது இன்னொரு செய்தி. பலபுஷ்கா தம் தொடக்ககாலக் கோல்கள் பலவற்றை அடியிலிருந்து ஆக்கினாரல்லர். பிரன்ஸ்விக் நிறுவனத்தின் தொழிற்சாலைக் கோல்களை எடுத்து, அறுத்து, மூட்டுப் பொருத்தி, மீண்டும் கடைந்தே அவற்றை ஆக்கினார். பெயர் பெற்ற கோலுக்கும் தாய் சாதாரணக் கோலே என்றறிந்து வியந்தேன்.

மறுபக்கமும் உண்டு. பூலுக்கு உறவான ஸ்னூக்கர் ஆட்டத்திலே, ஸ்கொத்லாந்து வீரர் ஸ்ரீவன் ஹென்றி 1990 முதல் 1999 வரை ஏழுமுறை உலகப் பட்டம் வென்றார். ஏழுமுறையும் அவர் கையிலிருந்தது, இளமையிலே பெற்ற 40 பவுண் விலையான கோல் ஒன்றே. 2003 இல் பாங்கொக்கிலிருந்து திரும்பிய விமானப் பயணத்திலே அது முறிந்துபோயிற்று. வேறு கோல் எடுத்து அவ்வாண்டிலேயே பிரித்தானிய ஓப்பன் போட்டியை வென்றார். உலகப் பட்டம் மட்டும் பின்னர் கிட்டவில்லை. கோல் போனதாலோ, வயது போனதாலோ, யார் பிரித்துக் கூற வல்லார்?

இவ்வளவும் அறிந்தபின் மருமகனை அழைத்து, "பழைய கோலிலே உனக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"நல்லா ஆடுற ஆக்கள் எல்லாரும் செய்விச்ச கோல்தான் மாமா வைச்சிருக்கினம்" என்றான்.

"அது அவர்கள் கோலுக்குக் காரணம், உன் கோலுக்குக் காரணமன்று. கைவினைஞர் உன்னிடம் பத்துக் கேள்வி கேட்பார். விடை தெரியாதவனுக்கு அவர் செய்து தருவதும் கடையிற் கிடைப்பதும் ஒன்றே. இன்னும் ஆறு மாதம் பழைய கோலோடு ஆடு. கண்ட குறையை அன்றன்றே எழுதி வை" என்றேன்.

ஆறு மாதம் கழிந்தபின் ஒரு பட்டியல் அனுப்பினான். நிறை முன்புறம் சாய்வதால் மெல்லிய அடிகளில் கை தடுமாறுகின்றது. தன் சிறிய கைக்கு நுனிப்பகுதி பருமன் கூடியது. மொத்த நிறை 19 அவுன்ஸ் போதும். இப்படி ஏழெட்டுக் குறிப்புகள். இறுதியில் ஒரு வரி: "இது அப்பா கடைசியா வாங்கித் தந்தது. இதை ஒருநாளும் விக்கமாட்டன்."

அவ்வரியைப் படித்தபோதே என் தங்கையின் முறையீடு எனக்கு விளங்கிற்று. கணவனை இழந்தவள் அவள். அவள் வருந்தியது டொலருக்காக மட்டுமன்று. "செய்விக்கட்டும், தங்கச்சி, அவன் பழையதைத் தூக்கி எறியவில்லை" என்றேன். அவள் நெடுநேரம் பேசவில்லை, பின் சம்மதித்தாள்.

ஓராண்டின்பின் புதிய கோல் வந்தது. ஆனால் அவன் ஆட்டம் முன்னையிலும் கெட்டது! "நான் ஏமாந்து போனேனோ, மாமா?" என்று துயரத்தோடு கேட்டான். எங்கள் கல்லூரிப் பௌதிகவியல் ஆசிரியரிடம் இதனைச் சொன்னேன். அவர் விளக்கியது இது: பந்தின் நடுவை விட்டு ஒரு பக்கமாக அடித்தால், பந்து குறித்த கோட்டினின்று மறுபக்கம் சற்று விலகிச் செல்லும். அவ்விலகல் கோலின் நுனிப்பகுதித் திணிவைப் பொறுத்தது. பழைய கோலின் விலகலை அவன் கை ஆண்டுக்கணக்காகப் பழகி, அவன் அறியாமலே திருத்திக்கொண்டு வந்தது. புதிய கோலின் நுனி மெலிந்தது. ஆதலால் விலகல் குறைவு. கையோ பழைய திருத்தத்தையே செய்கின்றது. பந்து குழியைத் தவறாமல் என்செய்யும்? கையும் புதிதாகக் கற்க வேண்டும். அவனுக்கு அதற்கு நான்கு மாதம் பிடித்தது.

மாணவர்களே, கருவியை மாற்றும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. பேனாவும் பாடநூலும் பள்ளியும் மாறினால் நாமும் மாறிவிடுவோம் என எண்ணுகின்றோம். மாற்றுவது தவறன்று. ஆயின், பழையதன் குறை இன்னதென்று தெளிவாய் எடுத்துச் சொல்லத் தெரிந்த நாளிலே மாற்றுங்கள். அதுவரை குறை கருவியிலா, கையிலா என்பது உங்களுக்கே தெரியாது. மாற்றியபின்னும் சிலகாலம் தோற்பதற்கு ஆயத்தமாயிருங்கள்.

பூல் ஆட்டத்தின் முதலடி, முக்கோணமாக அடுக்கிய பந்துகளைச் சிதற அடிப்பது. அவ்வடியின் வன்மை கோலின் நுனியைக் கெடுக்கும் ஆதலால், அதற்கெனத் தனிக்கோல் வைத்திருப்பது பலரின் வழக்கம். மருமகன் அதற்குத் தந்தை கொடுத்த கோலை வைத்துக்கொண்டான். ஒவ்வோர் ஆட்டத்தையும் அதைக் கொண்டே தொடங்குகின்றான். தங்கை இப்போது அதனைத் தடி என்பதில்லை.