பாலம் தாண்டிப் போகும் பிள்ளை என்ன பசியாறுகிறான்?



சென்ற மாதம் ஜொகூரில் ஒரு தோட்டத்துத் திருமணத்திற்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவித் திரும்பினேன். ஓர் அம்மா தயங்கித் தயங்கி அருகில் வந்து நின்றார்.

“அண்ணே, நீங்க நாலு ஊரு போய் வர்றவரு. ஒண்ணு கேட்கணும். என் மகன் சிங்கப்பூர்ல வேலை செய்யுறான். விடியக்காலை மூணரைக்கெல்லாம் எழுந்து பாலம் தாண்டிப் போயிடுறான். சோறு கட்டித் தர்றேன்னா வேணாங்கிறான். பசியாறுனியாடான்னு கேட்டா, ‘கறி பஃப் தின்னேம்மா’ங்கிறான். மத்தியானம் கேட்டாலும் அதையேதான் சொல்றான். அது ஒரு சாப்பாடாண்ணே?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் அம்மா” என்று சொல்லி வந்தேன். அந்த ஒரு தாய்க்குச் சொல்லும் பதில் நம்மில் ஆயிரம் தாய்மாருக்கும் பயன்படும் அல்லவா? அதனால்தான் இந்த மாதம் இந்தப் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். இன்று அதைக் கடப்பவர்கள் நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். பொழுது விடியுமுன்னே மோட்டார் சைக்கிள்கள் எறும்புச் சாரை போல் நகர்கின்றன. அந்தக் கூட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்! தாத்தா பெரட்டுக்கு எழுந்த அதே நேரத்தில்தான் பேரனும் எழுகிறான்.

நான் 170-ஆம் எண் பேருந்தில் ஏறி, குவீன் ஸ்திரீட்டில் இறங்கித் தேக்காவுக்கு நடந்தேன். தேக்கா உங்களுக்குத் தெரியாத இடமா? மல்லிகைச் சரமும், சேலைக் கடையும், சந்தைக் கட்டடத்துப் பரோட்டா மணமும்! ஆனால் அன்று நான் தேடிப் போனது வாழையிலைச் சாப்பாட்டை அல்ல. அந்த அம்மாவின் மகன் தின்னும் பண்டத்தை.

ரயில் நிலையங்களுக்குப் பக்கத்திலும் கடைத்தொகுதிகளின் மூலையிலும் இந்தக் கடைகள் இருக்கும். கடை என்றால் நாலு பேர் நிற்கும் இடம்தான். மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்குச் சூட்டில் பொன்னிறமாக வரிசை கட்டி இருக்கின்றன, கறி பஃப்புகள். மலாய்க்காரர்கள் கரிபாப் என்பார்கள். நம் தோட்டங்களில் கறிபாப் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விரலைக் காட்டினால், காகிதப் பையில் போட்டு நீட்டுவார்கள். காசைக் கொடுத்து நகர்ந்துவிட வேண்டியதுதான். பின்னால் ஆள் நிற்கிறார்!

ஒன்று வாங்கினேன். விலை ஏறக்குறைய இரண்டு சிங்கப்பூர் வெள்ளி. ரிங்கிட்டில் ஆறுக்கு மேல். பை சுட்டது. ஓரத்தைக் கடித்தேன். மொறுமொறுவென்று உதிர்ந்தது. உள்ளே சிறு துண்டுகளாக உருளைக்கிழங்கு, கோழி, ஒரு கீற்று அவித்த முட்டை. எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பது நம்முடைய கறித்தூள் மணம். சும்மா சொல்லக்கூடாது, ருசிதான்.

ஆனால் எங்கே உட்கார்ந்து தின்பது? ரயிலுக்குள் தின்ன முடியாது. சிங்கப்பூர் எம்.ஆர்.டி. ரயிலிலும் நிலையத்திலும் உண்பதும் குடிப்பதும் குற்றம். 500 வெள்ளி வரை அபராதம். எனவே எல்லோரும் சுவரோரம் நின்றபடியே தின்கிறார்கள். நானும் நின்றேன்.

அப்போது ஒரு பையன் வந்தான். வேலைச் சட்டை, தோளில் பை, கையில் ஹெல்மெட். நம் முகம். விலைப்பலகையை ஒரு முறை பார்த்தான். ஒன்றே ஒன்று வாங்கினான். சுவரோரம் நின்று பாதியைத் தின்றான். மீதிப் பாதியைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தான். அது மத்தியானத்துக்கு என்று யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது. பிறகு நான் தின்றது தொண்டையில் இறங்கவில்லை.

சரி, இந்தப் பண்டம் எங்கிருந்து வந்தது? கதை சுவையானது, கொஞ்சம் கேளுங்கள்.

தேக்காவிலிருந்து சாலையைக் கடந்தால் மெக்கன்சி சாலை. அங்கே 1946-இல் திறக்கப்பட்டது ரெக்ஸ் தியேட்டர். பின்னாளில் தமிழ்ப் படங்களும் ஓடிய கொட்டகை அது. அதன் அருகே ஒரு கோப்பிக் கடையில், 1956-இல், ஹைனான் தீவிலிருந்து வந்த சாங் சுவான் பூ என்பவர் சின்னதாக ஒரு கடை போட்டுக் கறி பஃப் விற்றார். படம் பார்க்க வந்தவர்கள் வாங்கித் தின்று, ‘ரெக்ஸ் கறி பஃப்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1986-இல் ஹான் கீன் ஜுவான் என்பவர் அந்தத் தொழிலை வாங்கினார். கையால் செய்ததை நிறுவனமாக்கிக் கிளைகள் திறந்தார். 2008-இல் ‘ஓல்டு சாங் கீ’ பங்குச் சந்தையிலேயே ஏறிவிட்டது. ஒரு கோப்பிக் கடை மூலையில் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

ஹைனான்காரருக்குக் கறித்தூள் எப்படிப் பழக்கம் என்று கேட்பீர்கள். மற்றச் சீனர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். நல்ல தொழில்களை எல்லாம் முன்னே வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே வெள்ளைக்காரத் துரை வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களாகச் சேர்ந்தார்கள். துரைமார் வீட்டில் மாவுப் பண்டம் சுடக் கற்றார்கள். கறியும் சமைக்கக் கற்றார்கள். மாவு மடிப்பு சீமையினுடையது, மசாலா இந்தியாவினுடையது, செய்து விற்ற கை சீனருடையது, இன்று தின்கிற வாய் எல்லோருடையதும். நமது சமோசாவுக்கும் மலாய்க்காரர்களின் எப்போக்-எப்போக்குக்கும் இது நெருங்கிய உறவு. தமிழ்நாட்டு பேக்கரியில் ‘பப்ஸ்’, இலங்கையில் ‘பற்றிஸ்’. பெயர்தான் வேறு.

நம் வீட்டில் மட்டும் இது இல்லையா? தீபாவளிக்குச் செய்யும் சோமாஸை நினைத்துப் பாருங்கள். அதே அரை நிலா வடிவம், அதே ஓர மடிப்பு. உள்ளே சர்க்கரைக்குப் பதிலாகக் கிழங்குக் கறி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிலாந்தில் கார்ன்வால் என்று ஒரு பகுதி. அங்கே தகரமும் செம்பும் எடுக்கும் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் மதியச் சாப்பாட்டுக்கு மேலே ஏறி வர முடியாது. ஆகவே அவன் வீட்டுப் பெண்கள் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு வகை முள்ளங்கிக் கிழங்கு எல்லாவற்றையும் மாவில் பொதிந்து சுட்டு, தடிப்பாக ஓரம் முறுக்கிக் கொடுத்தார்கள். பாஸ்டி என்று பெயர். ஒரு வேளைச் சாப்பாடு முழுவதும் ஒரு கைக்குள் அடங்கும். ஓரத்தில் மாவாலேயே கணவனின் அல்லது மகனின் பெயர் எழுத்தைப் பதித்து வைப்பார்களாம். பாதி தின்று வைத்தாலும் யாருடையது என்று தெரிய வேண்டுமல்லவா?

19-ஆம் நூற்றாண்டில் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தார்கள். மெக்சிகோவின் பச்சுக்கா நகரில் இன்றும் அந்தப் பண்டம் ‘பாஸ்தே’ என்ற பெயரில் விற்கிறது, உள்ளே அந்த ஊர் மிளகாயோடு! நம் பேராக் மாநிலத்துக் கோப்பெங் ஈயச் சுரங்கங்களை நடத்தியவர்களிலும் கார்ன்வால்காரர்கள் உண்டு. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘கார்ன்வால் பாஸ்டி’ என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு அளித்தது. கூலிக்காரனின் மதியச் சோறு பட்டயம் வாங்கிவிட்டது!

இதைப் படித்தபோது எனக்கு நம் லயத்து வீடுகள்தான் கண்ணுக்குள் வந்தன. விடியுமுன் அடுப்பு மூட்டி, தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, அடையாளத்துக்குப் பிடியில் ஒரு சிவப்புத் துணி முடிந்து கொடுத்தாளே நம் பாட்டி? அவளுக்கும் அந்தக் கார்ன்வால் பெண்ணுக்கும் என்ன பேதம்? நிறமும் மொழியும் வேறு; உழைக்கப் போகிறவன் பட்டினி கிடக்கக் கூடாது என்ற கவலை ஒன்றே. அந்தப் பொட்டலம் வீட்டிலிருந்து வந்தது. இன்று கடையிலிருந்து வருகிறது. மாறியது இதுதான்.

கடையருகே இன்னொரு தம்பியிடமும் பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கம், கட்டட வேலை. “எங்களுக்கு மதியப் பார்சலும் காலையிலயே வந்துரும்யா. வெயில்ல கெடந்து, பன்னெண்டு மணிக்குப் பிரிச்சா சில நாள் வாடை அடிக்கும். அன்னிக்கு இதுல ரெண்டு வாங்கித் தின்னுட்டு வேலைய பாப்பேன். ஞாயித்துக்கிழமை தேக்காவுல வந்துதான் வயிறார சோறு” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனைப் பெற்றவளும் எங்கோ இருந்து ‘சாப்பிட்டியாப்பா?’ என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இனி, அந்த அம்மாவுக்கு என் பதில்.

அம்மா, கறி பஃப் கெட்ட பண்டம் அல்ல. ஆனால் அது பசியை அடக்கும், உடம்பை வளர்க்காது. அதில் இருப்பது பெரும்பாலும் மாவும் கிழங்கும் எண்ணெயும். கோழியும் முட்டையும் பேருக்குத்தான். காய்கறி இல்லவே இல்லை. என்றாவது ஒரு நாள் தின்னலாம். காலையும் மத்தியானமும் அதுவே என்றால், எண்ணெய்ப் பண்டமும் இனிப்புக் கோப்பியுமாகப் போனால், நம் சனத்தை ஏற்கெனவே வாட்டுகிற இனிப்புநீர் சின்ன வயதிலேயே கதவைத் தட்டும். நடுவிலே ஒரு நாளும் தவறாமல் பசியாறுகிறானா என்பதையும் கேளுங்கள். ஆறு ரிங்கிட்டை மிச்சம் பிடிக்க ஒன்றைப் பாதியாக்கித் தின்கிற பிள்ளையை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சோறு வேண்டாம் என்கிறான் என்றால், சுமையும் கூச்சமும் காரணமாக இருக்கலாம். கையில் அடங்குவதாகக் கொடுங்கள். அவித்த கொண்டைக்கடலை ஒரு பொட்டலம், இரண்டு வாழைப்பழம், மிளகாய்ப்பொடி தடவிய நாலு இட்டலி. இவை மத்தியானம் வரை தாங்கும், விலையும் குறைவு.

பஃப்தான் வேண்டும் என்றால் நீங்களே செய்யலாம். கோதுமை மாவு 400 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. அதில் கால் கோப்பை சூடான எண்ணெயை ஊற்றிக் கரண்டியால் கிளறி, ஆறியதும் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். உருளைக்கிழங்கு அரை கிலோவைச் சின்னச் சின்னதாக வெட்டுங்கள், மசிக்காதீர்கள். இரண்டு வெங்காயம், கறிவேப்பிலை, இரண்டு மேசைக்கரண்டி கறித்தூளோடு தண்ணீர் சுண்டப் பிரட்டுங்கள். கேரட்டும் பச்சைப் பட்டாணியும் சேர்த்தால் உடம்புக்கு நல்லது. கறி நன்றாக ஆறிய பிறகே மாவில் வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் மாவு நைந்து எண்ணெயில் வாய் திறந்துவிடும். சோமாஸ் போல மடித்து, ஓரத்தை அழுத்தி முறுக்கி, மிதமான சூட்டில் பொரியுங்கள். இருபது வரை வரும். பொரிக்காமல் குளிர்பெட்டியில் உறைய வைத்து, வேண்டும்போது எடுத்தும் பொரிக்கலாம்.

பாலம் தாண்டும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் போவதில் கேவலம் ஒன்றும் இல்லை. உலகமெங்கும் உழைக்கிறவன் அப்படித்தான் போனான். அம்மா ‘பசியாறினாயா?’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். தின்னாத நாளில் தின்றேன் என்று சொல்லாதீர்கள். நீங்கள் அனுப்பும் பணத்தை அவர் எண்ணுவது ஒரு முறைதான். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று நினைப்பது ஒரு நாளைக்கு எத்தனை முறை தெரியுமா?

அம்மா, ஓரம் முறுக்கும்போது மூலையில் மகனின் பெயர் எழுத்து ஒன்றை மாவிலேயே வைத்துவிடுங்கள். பாதியை மத்தியானத்துக்கு எடுத்து வைக்கும்போது, அந்த எழுத்து அவன் கையில் இருக்கட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.