யெஸ் என்று தட்டுவதற்கு முன்னால்...

கோம்பை என்றதும் நாய்தான் ஞாபகம் வரும். தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர். அதன் பெயரைச் சுமக்கும் வேட்டை நாய் காவலுக்கும் பேர்போனது. அப்படிப்பட்ட நாயை வாங்கி, குரைப்பது தொல்லை என்று வாயைக் கட்டிப்போட்டவரை ஊர் என்ன சொல்லும்? கணினி படிக்கும் பிள்ளைகள் செய்வது அதைத்தான்.

கோம்பையில் இருந்துகொண்டே சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள சர்வரில் கட்டளைகளை இயக்க எஸ்எஸ்எச் போதும். வெறும் எழுத்துதான் போய்வருகிறது என்பதால் மெதுவான இணைப்பிலும் ஓடும். முன்பு இந்த வேலைக்கு டெல்நெட் இருந்தது. அதில் கடவுச்சொல்கூட மறைக்கப்படாமல் அப்படியே போகும். 1995ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருட, அங்கிருந்த டாட்டூ இலோனன் எழுதியதே எஸ்எஸ்எச்.

முதல்முறை இணையும்போது அது சர்வரின் கைரேகையைக் காட்டி, "தொடரலாமா?" என்று கேட்கும். யெஸ் என்றால் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகொருநாள் வேறு ரேகை வந்தால் பெரிய எழுத்தில் எச்சரிக்கும். இதுதான் குரைப்பு.

ரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? லேபில் சொல்லித்தருவதே "யெஸ் அடிச்சுட்டுப் போ" என்பதுதான். எச்சரிக்கை வந்தாலோ, பழைய ரேகையை அழிக்கும் கட்டளையை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டி, மறுபடியும் யெஸ்! நடுவில் ஒருவன் சர்வர் வேஷம் போட்டு நின்றால் கடவுச்சொல் நேராக அவன் கைக்குப் போகும். எஸ்எஸ்எச் இருந்தும் டெல்நெட் காலத்துக்கே திரும்பிய கதைதான்.

2023 மார்ச்சில் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ சாவியை மாற்றியது. ரகசியமாக இருக்கவேண்டிய சாவி கொஞ்ச நேரம் பொதுவில் தெரிந்துவிட்டதே காரணம். பழைய சாவியை நம்பியிருந்த கணினிகளில் எல்லாம் எச்சரிக்கை வந்தது. புது ரேகையை கிட்ஹப் வெளியிட்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்காமல் யெஸ் அடித்தவருக்கு, வந்தது கிட்ஹப்பா திருடனா என்பது எப்படித் தெரியும்?

"எங்க பட்டிக்காட்டுக் கணினியை யாருங்க தேடி வரப்போறா?" என்பார்கள். 2016ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் டெல்நெட் வழியாகப் பிடித்தது. அது ஆள் தேடவில்லை, ஊர் பேரும் கேட்கவில்லை. திறந்திருந்த கதவுகளில் எல்லாம் நுழைந்தது.

"சர்வரை அடிக்கடி புதுசா நிறுவுறோம், ஒவ்வொரு தடவையும் யார் பார்ப்பது?" என்பது இன்னொரு வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. ரேகை எது என்று சொல்லாமலே ஒப்பிடச் சொன்னால் மாணவர் எதோடு ஒப்பிடுவார்? இங்கே குற்றம் நிர்வாகியுடையது. பழைய சாவியைப் பத்திரமாக எடுத்துவைத்து, புதிதாக நிறுவியபின் திரும்ப வைத்தால் எச்சரிக்கையே வராதே!

ஆகவே கல்லூரிகள் லேப் சுவரில் சர்வரின் கைரேகையை அச்சடித்து ஒட்டட்டும். ஒரு தாள்தான் செலவு. மாணவர்கள் தங்களுக்கென்று சாவி உருவாக்கி, தங்கள் சர்வர்களில் கடவுச்சொல்லால் நுழையும் வழியை மூடட்டும். அந்தரங்கச் சாவி அவரவர் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை, வேஷக்காரனுக்கு அது கிடைக்காது.

இதையெல்லாம் செய்யாமல் "நாங்க எஸ்எஸ்எச்தான் பயன்படுத்துறோம், பாதுகாப்பா இருக்கோம்" என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம்.