முதலில் தடயம், பிறகு முடிவு!

பீரோ உடைக்கப்பட்டுக் கிடக்கிறது. வீட்டில் இருந்தவர் கொலை செய்யப்பட்டிருக்கிறார். சில மணி நேரத்துக்குள் காவல்துறை அதிகாரி ஒருவர் செய்தியாளர்களைச் சந்தித்து, கொள்ளையைத் தடுக்க முயன்றதால் நேர்ந்த கொலை என்றோ, முன்விரோதமே காரணம் என்றோ அறிவித்துவிடுகிறார். எல்லா மாநிலங்களிலும் இது வாடிக்கையாகிவிட்டது. அந்த முதல் அறிவிப்பு தவறாகிப் போனால், விசாரணையே திசைமாறிவிடும் என்பதுதான் கவலைக்குரியது.

திருட வந்தவர் அகப்பட்டுக்கொள்ளும் பதற்றத்தில் கொல்வதும், கொல்வதற்கென்றே ஒருவர் வருவதும் வெவ்வேறு தடயங்களை விட்டுச்செல்கின்றன. ஆயுதம் கொண்டுவரப்பட்டதா, அந்த வீட்டிலேயே எடுக்கப்பட்டதா? பூட்டு உடைக்கப்பட்டதா, தெரிந்தவருக்குக் கதவு திறக்கப்பட்டதா? சிதறிக்கிடக்கும் துணிகளின் மீது ரத்தம் தெறித்திருக்கிறதா, ரத்தத்தின் மீது துணிகள் கிடக்கின்றனவா? பொருள்கள் கலைக்கப்பட்டது கொலைக்கு முன்பா, பின்பா என்பதை இந்த ஒரு கேள்வியே சொல்லிவிடக்கூடும். கொலையானவரை முன்கூட்டியே நோட்டமிட்டவர்கள் உண்டா என்பதைக் கைப்பேசி அழைப்புப் பதிவுகளும் கண்காணிப்பு கேமராக்களும் காட்டும்.

ஆனால், எந்த ஒரு தடயமும் தனித்து முடிவு சொல்லாது. நகைகள் அப்படியே இருப்பதால் அது திட்டமிட்ட கொலை என்று கூறிவிட முடியாது. இடையில் அகப்பட்ட திருடனும் வெறுங்கையுடன்தான் ஓடுவான். நகைகள் காணாமல் போனதால் அது கொள்ளை என்றும் கூறிவிட முடியாது. கூலிப்படையினர் விசாரணையைத் திசைதிருப்ப நகைகளை எடுத்துச்செல்வதும் உண்டு.

தில்லியில் 2008 செப்டம்பரில் பெண் பத்திரிகையாளர் ஒருவர் பணி முடிந்து காரில் வீடு திரும்பும்போது உயிரிழந்தார். முதலில் அது சாலை விபத்தாகவே கருதப்பட்டது. துப்பாக்கிக் குண்டு பாய்ந்திருந்தது பின்னரே தெரியவந்தது. 2009-இல் வேறொரு கொலை வழக்கில் பிடிபட்டவர்களிடம் நடத்திய விசாரணையில்தான், கொள்ளை நோக்கத்தில் நடந்த கொலை என்பது வெளிப்பட்டது. 2023-இல் விசாரணை நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என அறிவித்தது. அந்தத் தீர்ப்புக்கு 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறானது தன்பாத் வழக்கு. 2021 ஜூலை 28 அன்று காலை நடைப்பயிற்சியில் இருந்த கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த், ஆட்டோ மோதி உயிரிழந்தார். சாலை நடுவே செல்ல வேண்டிய ஆட்டோ ஓரத்துக்கு வந்து அவர் மீது மோதியதைக் கேமரா காட்டிக்கொடுத்தது. கைப்பேசியைப் பறிக்கும் முயற்சி என்று சிபிஐ தெரிவித்ததை ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022-இல் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

2008-இல் நொய்டாவில் நடந்த இரட்டைக் கொலையோ வேறொரு பாடம். முதலில் வீட்டுப் பணியாளர் மீது சந்தேகம் கொண்டது காவல்துறை. மறுநாள் அவரது சடலமே அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் கிடந்தது. பூட்டியிருந்த மாடிக் கதவை முதல் நாளே திறந்து பார்க்கவில்லை. சம்பவ இடத்தில் பலரும் நடமாடியதில் தடயங்கள் அழிந்தன. தண்டிக்கப்பட்ட பெற்றோரை 2017-இல் அலாகாபாத் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கொலையாளி யார் என்ற கேள்வி மட்டும் எஞ்சியது.

2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள்வரை அவகாசம் தரப்பட்டுள்ளது. அந்த அவகாசம் முடியும்வரை காத்திராமல், ஆய்வகங்களையும் நிபுணர்களையும் பெருக்குவது அரசுகளின் கடமை. புலனாய்வையும் சட்டம்-ஒழுங்கையும் பிரிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் இட்ட உத்தரவுக்கும் முழு உயிர் கொடுக்க வேண்டும்.

அதுவரை, செலவே இல்லாத சீர்திருத்தம் ஒன்று உண்டு. தடயங்கள் பேசும்வரை அதிகாரிகள் பேசாதிருப்பதுதான் அது!