விஷக் கிழங்கு விருந்தான கதை

கிறிஸ்துமஸ் காலை. கயானா நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே வாசனை. பட்டையும் கிராம்பும் மிளகாயும் சேர்ந்து கொதிக்கிற வாசனை. அடுப்பில் இருப்பது ‘பெப்பர்பாட்’ என்னும் இறைச்சிக் குழம்பு.

கயானா தென் அமெரிக்காவின் வடக்கே உள்ள சிறிய நாடு. அங்கே ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டு வந்தார்கள். அடிமை முறை ஒழிந்தபோது கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். 1835-ல் மடீரா தீவிலிருந்து போர்த்துக்கீசியர் வந்தனர். 1838-ல் இந்தியர் வந்தனர். 1853-ல் சீனர் வந்தனர். பின்னாளில் சென்னையில் கப்பல் ஏறிப் போன தமிழர்களும் உண்டு.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே அங்கே இருந்தவர்கள் ஆதிக்குடிகள். பெப்பர்பாட் அவர்கள் கொடுத்த சமையல்.

விஷம் போகும் விதம்

மரவள்ளிக் கிழங்கை நாம் அறிவோம். அதில் கசப்பு வகை ஒன்று உண்டு. பச்சையாகத் தின்றால் ஆளைக் கொல்லும்! ஆதிக்குடிப் பெண்கள் அதைத் துருவுவார்கள். பின்னிய நீண்ட பையில் திணித்துப் பிழிவார்கள். வடிந்த சாற்றை நெடுநேரம் காய்ச்சுவார்கள். விஷம் போய்விடும். கருத்த பாகு மிஞ்சும். அதற்குக் ‘கசரீப்’ என்று பெயர்.

கசரீப் சேர்ந்த குழம்பு எளிதில் கெடாது. தினமும் நன்றாகக் கொதிக்க வைத்துப் பல நாள் சாப்பிடுவார்கள். மாடும் பன்றியும் உண்ணாதவர்கள் ஆட்டுக்கறியோ கோழிக்கறியோ போட்டுச் சமைப்பதும் உண்டு.

அதே பண்டிகையில் போர்த்துக்கீசியர் வழியில் பூண்டும் வினிகரும் ஊறிய பன்றிக்கறி வரும். ஆங்கிலேயரின் பழ புட்டிங், ரம்மில் ஊறிய பழங்களோடு கறுப்புக் கேக்காக மாறி வரும். விருந்து என்றால் இந்தியரின் கறியும் ரொட்டியும், சீனரின் நூடுல்சும் எல்லோருக்கும் சொந்தம்.

சோறு மட்டும் போதாது

சேர்ந்து உண்டவர்கள் சண்டையே போடவில்லையா? போட்டார்கள். 1962 முதல் 1964 வரை அங்கே இனக் கலவரம் மூண்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வீடுகள் எரிந்தன. அடுத்தவன் குழம்பு இனித்தது. அடுத்தவன் மட்டும் கசந்தான்!

ஆகையால், ஒரு பானைக் குழம்பு பகையைத் தீர்த்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், பானையைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது இது யார் கண்டுபிடித்த சமையல் என்று தாய் சொல்லலாம். விஷத்தை உணவாக்கியவர்கள் படிக்காத மக்கள், அவர்கள் அறிவாளிகள் என்று சொல்லலாம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்த மக்களை இழிவாகப் பேசுமுன் கொஞ்சம் யோசிக்கும்.

பிறர் சமையலைப் பண்டிகை நாளில் நம் வீட்டில் சமைப்பது நல்ல வழக்கம். சமைக்கும்போது முறையைக் கேட்டுச் சமைக்க வேண்டும். பரிமாறும்போது அவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லாமல் உண்பது ருசி. சொல்லி உண்பது உறவு.